பன்னிரண்டு நாள் விரதம்

எங்கள் வீட்டில் என் மாதவிலக்குத் தேதி எனக்குத் தெரிவதற்கு முன்பே என் மாமியாருக்குத் தெரிந்துவிடும். கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில், மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். நான் வீட்டுக்கு வெளியே உட்கார்ந்த அன்று அந்தத் தேதிக் கட்டத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைப்பார். பால்காரர் வந்தாலும் பார்க்கலாம், தபால்காரர் வந்தாலும் பார்க்கலாம். கல்யாணமாகி மூன்று வருஷமாக அந்தப் பொட்டு ஒரு மாதமும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டின் பிரச்சினையே அதுதான்.

அது 1991. பென்னலூரை ஒட்டி, ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் ஊர். என் புருஷன் வீட்டில் எல்லோரும் விவசாயம். அவர் மட்டும் முதல் ஆளாக ஹைவே ஓரத்தில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். ஒரு வாரம் காலை ஷிப்ட்டு, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட்டு. ஷிப்ட்டு, ஓவர்டைமுக்கு ஓட்டி, லைன், சூப்பர்வைசர் என்று அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த வார்த்தைகளை என் மாமியார் மந்திரம்போல மரியாதையாக உச்சரிப்பார்.

குழந்தை இல்லாததற்கு யார் காரணம் என்பதில் அந்த வீட்டில் விவாதமே நடந்ததில்லை. "எம்புள்ளைக்கு இன்னா கொற? நாள் பூரா இரும்ப வளைக்கிறான்" என்பார் மாமியார். இரும்பை வளைப்பவனுக்குப் பிள்ளை பிறக்காமல் போகுமா? ஆக, மிச்சம் இருந்தது நான்தான். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். "இன்னாம்மா, விசேசம் ஒண்ணும் இல்லியா?" என்பார்கள். இருந்தால் மறைத்தா வைத்திருக்கப்போகிறேன்?

நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை. பத்தாவது பாஸ். செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டி, சூலகம், மகரந்தம் எல்லாம் அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து, டீச்சரிடம் 'நன்று' வாங்கியவள். அடுத்த பாடம் மனிதர்களுக்கானது. அதை மட்டும் "வீட்ல படிச்சிக்கோங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டில் அந்தப் பக்கத்தைப் பிரித்ததும் என் அம்மா புத்தகத்தைப் பிடுங்கி அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டார். அதனால் செம்பருத்திக்குக் குழந்தை எப்படிப் பிறக்கிறது என்று எனக்குப் பிசகாமல் தெரியும். மனுஷிக்கு எப்படி என்பதில் பாதிதான் தெரியும்.

அந்த வருஷப் பொங்கல் கழிந்ததும் என் மாமியார் தீர்ப்பைச் சொன்னார். சோறு போட்டுக்கொண்டே, மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"வர்ற தைக்குள்ள ஒண்ணும் இல்லன்னா, படப்பையில எங்கண்ணன் பொண்ண இட்டுக்கினு வந்துருவேன். உன்ன யாரும் போவச் சொல்லல. அவ பெத்துக் குடுப்பா, நீ வளத்துக்கினு இரு."

எவ்வளவு பெரிய மனசு. சட்டம் என்று ஒன்று இருப்பது அந்த மனசுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது ஏரிக்கரை தாண்டி வந்ததில்லை. நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் சோற்றில் கல் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சோற்றில் கல்லே இல்லை, நான்தான் அரித்தேன்.

அந்தத் தைக்குள் எனக்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்று மாமியாருக்கு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். குறி சொல்கிற ஒரு அம்மாவிடம் போய் விரதம் கேட்டு வந்தார். நான் தலைக்கு ஊற்றிக்கொள்கிற ஐந்தாம் நாளில் தொடங்கிப் பன்னிரண்டு நாள் விரதம். தினமும் காலையில் ஏரிக்கரையில் அரசும் வேம்பும் சேர்ந்து நிற்கிற இடத்தில், அடியிலுள்ள நாகக்கல்லுக்கு மஞ்சள் பூசி, ஈரப் புடவையோடு நூற்றெட்டுச் சுற்று. ஒரு வேளை உப்பில்லாத சோறு. முக்கியமான நிபந்தனை ஒன்று: அந்தப் பன்னிரண்டு நாளும் புருஷனும் பெண்டாட்டியும் சேரக் கூடாது. பதினேழாம் நாள் பொங்கல் வைத்து விரதம் முடிந்த பிறகு சேரலாம். இப்படி மாதாமாதம், வயிற்றில் தங்கும் வரை.

நிபந்தனையை என் மாமியார் வாய் வார்த்தையாக விடவில்லை. விரத நாட்களில் அறை வாசலில் பாயைக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொள்வார். உள்ளே நான், வெளியே அவர் பிள்ளை, நடுவில் அவர். அந்த வருஷம் வைகாசியில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து, எங்கள் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. பஸ் இல்லை, கடை இல்லை, ரோடெல்லாம் போலீசு. அந்த வாரத்திலும் என் நூற்றெட்டுச் சுற்றில் ஒன்று குறையவில்லை.

எதிர் வீட்டு அம்மா தினமும் வாசலில் நின்று, நான் ஈரப் புடவையோடு போவதைப் பார்ப்பார். "பாவம், எவ்ளோ பக்தியா கீது" என்று தன் மருமகளிடம் சொல்வார். அந்தப் பெண் அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தாள். என்னைவிட மூன்று வயது சின்னவள். என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவளுக்கு ஒரு வருஷம் தவணை இருந்தது, சிரித்தாள்.

ஆடி மாதம். காற்று பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தது. எழுபதாவது சுற்றோ என்னவோ, பல் கிட்டிப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன். கரைமேல் நர்சம்மா வந்தார்.

நர்சம்மா என்றால் ஊரில் பொம்பளைகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மரத்தைத் தாண்டி இருந்த இரண்டு அறைக் கட்டடம்தான் அவருடைய துணை சுகாதார நிலையம். சுவரில் சிவப்பு முக்கோணம். குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கேஸ் பிடிப்பது அவர் வேலை. பிடித்துக் கொடுக்காவிட்டால் மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள். அவர் நிழல் பட்டாலே கர்ப்பம் கலைந்துவிடும் என்பது என் மாமியாரின் விஞ்ஞானம். எனக்குக் கலைய எதுவும் இல்லாததால் நான் ஓடவில்லை.

அவர் தெற்கத்திக்காரர். கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். "கல்யாணமாயி எத்தன வருசம்? நீ தற்காலிக முறையா, நிரந்தர முறையா?"

நான் அழுதுவிட்டேன். சும்மா கண்ணீர் இல்லை. குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் நோட்டை மூடிவிட்டு, தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். தை மாதத்தை, படப்பைப் பெண்ணை, விரதத்தை, வாசலில் குறுக்கே கிடக்கும் பாயை.

"பொறு. எப்பம் எப்பம் வெளிய உக்காருவ? நாளு தள்ளிப் போவுமா?"

"இல்ல. இருவத்தெட்டு நாளிக்கு ஒருவாட்டி. பொட்டு வெச்ச மாதிரி." பொட்டு வைத்த மாதிரிதானே, காலண்டரே சாட்சி.

"அஞ்சாம் நாள்லேந்து பதினாறாம் நாளு வரைக்கும் ரெண்டு பேரும் சேர மாட்டிய."

"ஆமா."

"பதினேழாம் நாளு பொங்கல் வச்சிட்டுச் சேருவிய."

"ஆமா. நைட் ஷிப்ட்டு இல்லன்னா."

நர்சம்மா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கவருமெண்டு என்னைய மாத்திரையும் உறையும் குடுத்து வெயில்ல ஊர் ஊரா அனுப்புது. வாங்க ஒரு ஆளு இல்ல. ஒங்க மாமியா ஒத்த மாத்திரை இல்லாம குடும்பக் கட்டுப்பாடு பண்ணிட்டாவளே தாயீ."

எனக்குக் கோபம் வந்தது. என் வாழ்க்கை இவருக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். நாகக்கல் மஞ்சளில் விரலைத் தொட்டு, கல்லின் மேல் வரிசையாக இருபத்தெட்டுப் புள்ளி வைத்தார்.

"இங்க பாரு, சொல்லுதேன். பொம்பளைக்கு வயித்துல ரெண்டு பக்கமும் சூலகம் இருக்கு. மாசம் ஒருக்க அதுலேந்து ஒரு முட்டை வெளிய வரும். குழாய்க்குள்ள வந்து காத்துக்கிட்டுக் கெடக்கும். எத்தன நாளு? ஒரே ஒரு நாளு. அதுக்குள்ள ஆம்பளையோட உயிரணு வந்து சேந்தா கரு. வரலன்னா அது செத்துப் போவும், கருப்பையில போட்டு வச்ச மெத்தை எல்லாம் கரைஞ்சு வெளிய வரும். அதத்தான் நீ வெளிய உக்காந்து கழிக்க. உனக்கு அந்த முட்டை பதினாலாம் நாளு வாக்குல வரும். உயிரணு உள்ள போனா மூணு நாளு, நாலு நாளு, அஞ்சு நாளு கூட உயிரோட கெடக்கும். அப்பம் ஒம்பது, பத்துலேந்து பதினஞ்சு வரைக்கும்தான் உள்ள நாளு."

ஒன்பதாம் புள்ளியிலிருந்து பதினைந்தாம் புள்ளிவரை ஒரு கோடு போட்டார். பிறகு ஐந்திலிருந்து பதினாறு வரை அதன் மேலேயே இன்னொரு கோடு. இரண்டாவது கோடு என் விரதம். அது முதல் கோட்டை முழுசாக மூடிக்கொண்டது.

நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக ஈரத்தில் நடுங்கி, உப்பில்லாமல் தின்று, நூற்றெட்டு நூற்றெட்டாகச் சுற்றி, பிள்ளை வந்துவிடாமல் நானே காவல் காத்திருக்கிறேன். செம்பருத்திக்குக்கூட இந்தக் கொடுமையை யாரும் செய்யவில்லை.

"அதுக்கு முன்ன ரெண்டரை வருசம் தங்கலியே?" என்று கேட்டேன்.

"ஷிப்ட்டு மாறி மாறி வருது, நாள் தெரியாது. இல்ல, அவருக்கும் ஏதாச்சும் குறை இருக்கலாம். பிள்ளையில பாதி ஆம்பளையோடதுல்லா? அவரையும் ஒருக்க டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வா."

கூட்டிட்டு வா என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இரும்பை வளைக்கிறவரையா?

அன்று சாயங்காலம் என் புருஷன் காலை ஷிப்ட்டு முடிந்து வந்து புழக்கடையில் கை கழுவிக்கொண்டிருந்தார். கல்லில் போட்ட கணக்கை அப்படியே அவரிடம் சொன்னேன். காதுமடல் சிவந்துபோனது அவருக்கு. கல்யாணமாகி மூன்று வருஷம், இதைப் பற்றி நாங்கள் பகலில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா இன்னா? தையில உங்களுக்குக் கல்யாணம். மாலைய வாங்கி வெச்சிக்கினு உக்காருங்க."

"சாமி குத்தம் ஆயிடும்மே."

"எந்தச் சாமி சேராத பெத்துக்கோன்னு சொல்லிச்சி? போய்க் கேட்டுக்கினு வாங்க."

அவர் நெடுநேரம் கையைக் கழுவினார். கிரீஸ் எப்போதோ போய்விட்டது. பிறகு, "வூட்ல எங்க எடம் கீது? அம்மா பாய் போட்டுக்கினு படுத்துக்குதே" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. சாமியில் ஆரம்பித்தவர் இடத்துக்கு வந்துவிட்டார்.

இடமும் நர்சம்மாதான் கொடுத்தார். "நான் ஒம்பது மணிக்கு ரவுண்ட்ஸ் போனா மதியந்தான் வருவேன். சாவி நிலை மேல இருக்கும். ஊசி மருந்து ஒண்ணையும் தொடாதிய." இதுக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை அந்த மகராசி.

நைட் ஷிப்ட்டு வாரம் பத்தாம் நாளில் வந்து விழுந்தது. "ஓட்டி கீதும்மா, வர்றதுக்குப் பதினோரு மணி ஆவும்" என்றார் என் புருஷன். ஓட்டி என்றால் மாமியாருக்கு அப்பீலே கிடையாது. நான் ஈரப் புடவையோடு நூற்றெட்டுச் சுற்றில் ஐம்பதை முடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு நாகக்கல்லிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் கட்டடத்துக்குள் போவேன். இரும்புக் கட்டில். எடை பார்க்கிற தராசு. தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டி. சுவரில் இரண்டு குழந்தைகளோடு ஒரு அப்பா அம்மா படத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை பெறாதீர்கள் என்று சொல்லக் கட்டிய கட்டடத்தில் நாங்கள் பிள்ளைக்காக வந்திருந்தோம். அவர் அந்தப் படத்தைத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் செருப்பையே கழற்றினார்.

முதல் மாதம் பொட்டு விழுந்துவிட்டது. "எல்லா மாசமும் ஒட்டாதும்மா, இன்னொருக்க பாரு" என்றார் நர்சம்மா. புரட்டாசியில் ஒருவரிடம் கேட்டு ஷிப்ட்டை நைட்டுக்கு மாற்றிக்கொண்டார், மறுபடி ஓட்டி. மூன்றாம் நாள் நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், கரைமேல் எதிர் வீட்டு அம்மா சுள்ளிக் கட்டோடு நிற்கிறார்.

அவர் வாய்க்கு மைக் செட் தேவையில்லை. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மாமியார் கூடத்தில் தலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"லூப்பு போட்டுக்கினியாடி? எம்புள்ள வம்சத்த அறுக்க வந்தியா? அதுக்குத்தான் மரத்த சுத்துற மாதிரி வேசமா?"

உண்மையைச் சொன்னால் விரதம் முறித்தவள். சொல்லாவிட்டால் லூப்பு போட்டவள். எப்படியும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அப்போது என் புருஷன் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். சோற்றில் கல் தேடுகிற அதே மனிதர், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"அவளுக்கு இல்லம்மா. டெஸ்ட்டு எனக்கு. எனக்குத்தான் கொறயான்னு பாக்க நர்சம்மா வரச் சொன்னாங்க. அதுக்குத்தான் இவ சீட்டு வாங்கப் போனா."

மாமியார் எழுந்து தெருக் கதவைச் சாத்தினார், தலையை முடிந்தார். "மெல்ல பேசு. யாருக்காவது காதுல வுழப் போவுது" என்றார். எதிர் வீட்டில் கேட்டபோது, மருமகளுக்கு ரத்தம் கம்மி, மாத்திரை வாங்கப் போனாள் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்காக அவர் சொன்ன முதல் பொய் அது. என் புருஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. விரதமாயிற்றே, அழவில்லை.

ஐப்பசியில் மாமியார் குங்குமச் சிமிழோடு காலண்டர் முன்னால் நின்றார். இருபத்தெட்டாம் நாள் நின்றார், இருபத்தொன்பதாம் நாள் நின்றார். முப்பத்தைந்தாம் நாள் அந்தக் குங்குமத்தை என் நெற்றியில் வைத்தார். "பாத்தியா, சத்தியமான விரதம்" என்றார். குறி சொன்ன அம்மாவுக்குப் புடவை, மரத்தடியில் பொங்கல், நாகக்கல்லுக்குப் புதுத் துணி. நர்சம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் ஆனியில் பெண் பிறந்தாள். "முதல்ல பொண்ணு, பரவாயில்ல" என்று மாமியார் என்னை மன்னித்தார். ஆணா பெண்ணா என்பது அப்பாவின் உயிரணு கொண்டுவருவது என்று நர்சம்மா சொல்லியிருந்ததை நான் எடுத்துவிடவில்லை. குழந்தை பிறந்த மாதமே அவருக்கு மாற்றல் வந்து தெற்கே போய்விட்டார்.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எதிர் வீட்டு மருமகள் வந்தாள். அவளுடைய தவணை முடிந்திருந்தது. சிரிப்பு நின்றிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து என் மகளை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அந்த விரதம் மெய்யாலுமே பலிக்குதா?"

"இன்னா கேள்வி இது? மடியில வெச்சிக்கினு கேக்குறியே" என்றார் மாமியார். என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு."

ஒரு நொடி இருந்தது. ஆனால் மாமியார் நின்றுகொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், விரதத்தில் குறை வைத்ததாகத் தெரிந்தால் அந்தக் காய்ச்சலுக்கும் நான்தான் காரணம். இவளிடம் தனியாகச் சொல்லலாம். இவள் புருஷனிடம் சொல்வாள், அவன் தன் அம்மாவிடம் சொல்வான், அந்த வாய் ஊரெல்லாம் சொல்லும். இத்தனையும் அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. அவளைப் பற்றி மட்டும் தோன்றவில்லை.

"ஆமா. ஒரு நாள் கூட வுடாம செய்யணும்" என்றேன்.

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் சேர்த்தேன், கேட்பவர்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று.

அவள் இரண்டு வருஷம் சுற்றினாள். மழையில் சுற்றினாள், காய்ச்சலில் சுற்றினாள். காலையில் ஈரப் புடவையோடு என் வீட்டைத் தாண்டிப் போவாள். நான் அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அவளைக் கூட்டிப்போக அவள் அண்ணன் வந்திருந்தான்.

தகரப் பெட்டியை அவன் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். அவள் என் வாசலில் நின்று என் மகளின் கன்னத்தைத் தொட்டாள். என் வயிற்றைப் பார்த்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை.

"நான் எங்க தப்பு பண்ணேன்னு தெர்லக்கா. நீ சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஒரு நாள் கூட வுடல."